பிரஷர் மாத்திரையும் தள்ளாத வயதும்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேச்சுக்கு முன்னால் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. முட்டிவலிக்காரர்களும் தலைசுற்றல் உள்ளவர்களும் இருந்த இடத்திலேயே இருந்து வேடிக்கை பாருங்கள். மற்றவர்கள் இரண்டு கைகளையும் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். நாற்காலிப் பிடியைத் தொடாமல் ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். ஒவ்வொரு முறையும் முழுசாக நிமிர்ந்து நிற்க வேண்டும்; பாதி எழுந்து ஏமாற்றக் கூடாது. நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன்.

ஆயிற்றா? முன்வரிசையில் வெள்ளைச் சட்டை ஐயா 9 நொடியில் முடித்துவிட்டார். அந்தப் பக்கம் ஓர் அம்மா மூன்றாவது முறையோடு சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் ஒரு முதியோர் நல மருத்துவர் பக்கத்தில் இருந்தால் அந்த மூன்றைக் குறித்துக்கொள்வார். ஆசிய நாடுகளின் மருத்துவர்கள் சேர்ந்து 2019இல் வகுத்த கணக்கு ஒன்று உண்டு. இந்த ஐந்துக்கு 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் தசையைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும் என்கிறது அது. கைப்பிடி வலு ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் கீழே போனாலும் அப்படியே.

'தள்ளாத வயசு' என்று நம் வீடுகளில் சொல்வோம். 'தள்ளாமை வந்துவிட்டது' என்போம். மழை வந்துவிட்டது என்பதுபோல, யாரும் ஒன்றும் செய்ய முடியாத ஒன்றாக அதைச் சொல்லிப் பழகிவிட்டோம். மருத்துவமும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தது. 1980களின் கடைசியில்தான் இர்வின் ரோசன்பர்க் என்ற அமெரிக்க ஊட்டச்சத்து அறிஞர், வயதாக ஆகச் சதை வற்றிப்போவதற்கு ஒரு பெயர் இருந்தால்தான் அதை யாராவது ஆராய்வார்கள் என்று சொல்லி, கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 'சார்கோபீனியா' என்று பெயர் வைத்தார். சதைக் குறைவு, அவ்வளவுதான் பொருள். பெயர் வைத்து ஏறக்குறைய முப்பது வருடம் கழித்து, 2016இல், அமெரிக்க மருத்துவமனைகளின் நோய்ப் பட்டியலில் அதற்கென்று ஓர் எண் கிடைத்தது. எண் கிடைத்ததே தவிர மருந்து கிடைக்கவில்லை. சார்கோபீனியாவுக்கென்று அனுமதி பெற்ற மாத்திரை ஒன்றுகூட அங்கே இல்லை.

இன்றைய பேச்சு அப்படி மருந்து தேடிப் போனவர்களைப் பற்றியது. அவர்கள் புது மருந்து எதையும் தேடவில்லை. உங்களில் பாதிப்பேர் வீட்டு அலமாரியில் இருக்கும் பிரஷர் மாத்திரையிலேயே அது ஒளிந்திருக்குமோ என்று தேடினார்கள். நான் மருந்தியல் சொல்லிக்கொடுத்தே வயதானவன். இந்தத் தேடலை இருபது வருடமாக, ஒரு தொடர்கதை படிக்கிறவன்போல, அடுத்த இதழ் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாத்திரையின் பூர்வீகத்தைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. பிரேசில் நாட்டில் ஜராராக்கா என்று ஒரு விரியன் பாம்பு. அது கடித்தால் ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கிவிடும். அந்த விஷத்தை ஆராயும்போதுதான் மொரீசியோ ரோஷா இ சில்வா என்பவரும் அவருடைய குழுவினரும் 1940களின் இறுதியில் பிராடிகைனின் என்ற பொருளைக் கண்டார்கள். அது ரத்தக் குழாயை விரிக்கும். அவருடைய மாணவர் செர்ஜியோ ஃபெரெய்ரா, அந்தப் பிராடிகைனினைச் சிதையவிடாமல் காக்கும் பொருள் ஒன்றும் அதே விஷத்தில் இருப்பதை 1965இல் காட்டினார். லண்டனில் ஜான் வேனின் ஆய்வுக்கூடத்துக்குப் போனபோது அந்தச் சரக்கையும் கையோடு எடுத்துப் போனார். அங்கிருந்து செய்தி அமெரிக்காவில் ஸ்க்விப் என்ற மருந்துக் கம்பெனிக்குப் போய், குஷ்மனும் ஒண்டெட்டியும் விஷத்தை விட்டுவிட்டு அதன் வேலையை மட்டும் செய்யும் சின்ன மூலக்கூறு ஒன்றைச் சமைத்தார்கள். அதுதான் காப்டோப்ரில், 1981இல் சந்தைக்கு வந்தது. அதன் தம்பிகளை நீங்கள் அறிவீர்கள்: எனலாப்ரில், ராமிப்ரில், பெரிண்டோப்ரில். 'ப்ரில்' என்று முடிந்தால் பாம்பின் வம்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாத்திரைகள் செய்வது என்ன? உடம்பில் ஆஞ்சியோடென்சின் 2 என்று ஒன்று சுரக்கிறது. ரத்தக் குழாயை இறுக்கும், உப்பைப் பிடித்து வைக்கும், அழுத்தத்தை ஏற்றும். அதை உருவாக்கிக் கொடுக்கும் நொதியின் பெயர் ஏசிஇ. ப்ரில் மாத்திரைகள் அந்த நொதியைக் கட்டிப்போடுகின்றன. லோசார்டன், டெல்மிசார்டன் வகையறா வேறு வழியில் போகும். ஆஞ்சியோடென்சின் உருவாகட்டும், ஆனால் அது வந்து தட்டும் கதவை நான் சாத்தி வைக்கிறேன் என்பது அதன் முறை.

இதில் தசை எங்கே வந்தது? அதே ஆஞ்சியோடென்சின் தசையிலும் வேலை செய்கிறது, நல்ல வேலை அல்ல. தசைப் புரதத்தை உடைக்கும் இயந்திரத்தை அது முடுக்கிவிடும். தசை வளரச் சொல்லும் செய்திகளை மட்டுப்படுத்தும். காயம்பட்ட தசை ஆறும்போது நல்ல நாருக்குப் பதில் தழும்புநார் வளரத் துணைபோகும். ஆகவே அதை அடக்கினால் கிழவர்களின் தசை பிழைக்குமோ என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது.

1998இல் இன்னொரு பக்கத்திலிருந்து ஒரு துப்பு வந்தது. பிரிட்டனில் ஹியூ மாண்ட்கோமரி என்ற மருத்துவரும் கூட்டாளிகளும், ஆக்சிஜன் உருளை இல்லாமல் 7000 மீட்டருக்கு மேல் ஏறிய மலையேறிகளின் மரபணுவைப் பார்த்தார்கள். ஏசிஇ நொதியைக் குறைவாகச் சுரக்கச் செய்யும் மரபணு வகை அவர்களிடம் அதிகமாக இருந்தது. பட்டாளத்தில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்களுக்கு 10 வாரம் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோதும், அந்த வகைக்காரர்களின் தாக்குப்பிடிக்கும் திறன் கூடுதலாக வளர்ந்தது. நொதி குறைந்தவன் மலை ஏறுகிறான். நாம் மாத்திரையால் நொதியைக் குறைத்தால் நம் தாத்தா மாடிப்படியாவது ஏறமாட்டாரா?

ஆசை அப்படித்தான் பிறக்கிறது. நான் ஆசையைக் குறை சொல்லவில்லை.

2002இல் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. அமெரிக்காவில் பால்டிமோர் வட்டாரத்தில், நடமாட்டத்தில் ஏற்கெனவே சிரமம் இருந்த வயதான பெண்களை மூன்று வருடம் பின்தொடர்ந்திருந்தார்கள். அவர்களில் ரத்த அழுத்தம் உள்ள, இதயச் செயலிழப்பு இல்லாத 641 பேரைப் பிரித்துப் பார்த்தார் கிராசியானோ ஓண்டர் என்ற இத்தாலிய மருத்துவர். ப்ரில் மாத்திரையை விடாமல் சாப்பிட்ட பெண்களின் தொடைவலு மூன்று வருடத்தில் 1 கிலோதான் குறைந்திருந்தது. வேறு வகைப் பிரஷர் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 3.7 கிலோ குறைந்திருந்தது. நடை வேகத்திலும் அதே மாதிரி பெரிய வித்தியாசம். அதைப் படித்த அன்று நான் வகுப்பில் மாணவர்களிடம் 'புதையல்' என்றே சொல்லிவிட்டேன். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, "சார், விடாமல் சாப்பிட்டவங்க எத்தனை பேர்?" என்று கேட்டாள். கட்டுரையைப் புரட்டிப் பார்த்தால் 641இல் 61 பேர்.

அந்த மாணவியின் கேள்விதான் இந்தப் பேச்சின் நடுத்தூண். எண்ணிக்கை சின்னது என்பது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை வேறு. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்கார்ந்தவர்களையெல்லாம் பாருங்கள், தெம்பாகத்தான் இருப்பார்கள். முட்டி மோதி இடம் பிடிக்கத் தெம்பு இருந்ததால்தான் அவர்கள் முதல் பந்தி. அதைப் பார்த்துவிட்டு, முதல் பந்திச் சாப்பாட்டில்தான் சத்து இருக்கிறது என்று ஒருவர் கட்டுரை எழுதினால் எப்படி இருக்கும்? மூன்று வருடம் ஒரு மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறவர் யார்? வறட்டு இருமல் வராதவர், தலை சுற்றாதவர், சிறுநீரகம் ஒழுங்காக இருப்பவர், மறதி இல்லாதவர், மருந்துக் கடைக்குப் போய்வரக் காலில் வலு இருப்பவர். மாத்திரை அவரைத் தெம்பாக்கியதா, தெம்பு இருந்ததால் மாத்திரை நின்றதா? ஆய்வாளர்கள் கணக்கில் கழிக்க வேண்டியதையெல்லாம் கழித்துத்தான் பார்த்தார்கள். ஆனால் கழிக்கத் தெரிந்ததை மட்டும்தானே கழிக்க முடியும்.

இதைப் பிரிக்க ஒரே வழி சீட்டுக் குலுக்கல். யாருக்கு மாத்திரை என்பதை மருத்துவர் முடிவு செய்யக் கூடாது, நோயாளியும் முடிவு செய்யக் கூடாது. குலுக்கலில் பாதிப்பேருக்கு உண்மை மாத்திரை, மீதிப்பேருக்கு அதே நிறத்தில் அதே அளவில் உள்ளே மருந்தில்லாத வெற்று மாத்திரை. யார் எதைச் சாப்பிடுகிறார் என்று கொடுப்பவருக்கும் தெரியாது, சாப்பிடுபவருக்கும் தெரியாது, அளப்பவருக்கும் தெரியாது. கடைசி நாளில்தான் கண்கட்டை அவிழ்ப்பார்கள்.

ஸ்காட்லாந்தில் டண்டி என்ற ஊரில் அதைச் செய்தார்கள். 65 வயதைத் தாண்டிய, அன்றாட வேலைகளில் சிரமப்பட்ட, ஆனால் இதயச் செயலிழப்பு இல்லாத 130 பேர். பாதிப்பேருக்கு 20 வாரம் பெரிண்டோப்ரில். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று அளந்தார்கள். 2007இல் வந்த முடிவு: மருந்து சாப்பிட்டவர்கள் 31 மீட்டர் கூடுதலாக நடந்தார்கள். நம் டவுன் பஸ் மூன்றை வரிசையாக நிறுத்தினால் ஏறக்குறைய வரும் நீளம். அரை வருடம் உடற்பயிற்சி செய்தால் கிடைக்கும் பலனுக்கு இது சமம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். யோசித்துப் பாருங்கள், நாற்காலியை விட்டு எழாமல் உடற்பயிற்சியின் பலன்! உலகத்தில் எந்தச் சோம்பேறிக்குத்தான் இனிக்காது? எனக்கு இனித்தது.

ஒன்றை அப்போதே கவனித்திருக்கலாம். 130 பேரில் கடைசிவரை இருந்தவர்கள் 95 பேர்தான்.

அதே டண்டிக் குழு அடுத்த கேள்வியைக் கேட்டது. உடற்பயிற்சியோடு மாத்திரையும் சேர்த்தால் இரட்டிப்புப் பலன் கிடைக்குமா? இந்த முறை 170 பேர், எல்லோருக்கும் பயிற்சி, பாதிப்பேருக்கு மட்டும் பெரிண்டோப்ரில். 2014இல் முடிவு வந்தது. மாத்திரை சேர்த்ததால் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் ஃபோசினோப்ரிலை வைத்துச் செய்த சோதனையும் கைப்பிடியிலோ நடையிலோ மாற்றம் இல்லை என்றே சொல்லியிருந்தது.

இதற்கு நடுவில் லோசார்டன் பக்கமும் எலி ஓடிக்கொண்டிருந்தது, நிஜமான எலி. 2011இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் கோனின் குழு கிழட்டுச் சுண்டெலிகளுக்கு லோசார்டன் கொடுத்தது. காயம்பட்ட தசை இளம் எலியுடையதுபோல் ஆறியது. கட்டுப்போட்டு அசையாமல் வைத்த கால் வற்றவில்லை. மிக அழகான ஆய்வு, இப்போதும் நான் ரசித்துப் படிப்பது. பிறகு மனிதர்களிடம் போனார்கள். டென்மார்க்கில் வயதான ஆண்கள் பளு தூக்கும் பயிற்சியோடு லோசார்டனும் சாப்பிட்டார்கள். பயிற்சி தசையை வளர்த்தது, லோசார்டன் அதற்கு மேல் ஒன்றும் சேர்க்கவில்லை. அமெரிக்காவில் 70 வயதைத் தாண்டிய 289 பேரிடம் லோசார்டனையும் மீன் எண்ணெயையும் சோதித்து 2019இல் வெளியிட்டார்கள்; நடை வேகம் கூடவில்லை, ரத்தத்தில் அழற்சியின் அளவும் இறங்கவில்லை. எலிக்குத் தசை வந்தது, மனிதனுக்கு வரவில்லை. இது மருந்தியலில் தினசரி நடக்கும் சங்கதி, இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக வந்ததுதான் பெரியது. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலுமாகப் பல மையங்களில், மைல்ஸ் விதம் என்ற முதியோர் நல மருத்துவரின் தலைமையில் நடந்தது. டண்டி ஆய்வுகளிலும் இருந்தவர் அவர். வெறும் தள்ளாமை போதாது, சார்கோபீனியா என்று அளந்து பார்த்துச் சொல்லத்தக்கவர்களை மட்டும் சேர்த்தார்கள். சராசரி வயது 79. பெரிண்டோப்ரில் அல்லது வெற்று மாத்திரை. அதோடு தனியாக இன்னொரு குலுக்கலில் லியூசின் என்ற அமினோ அமிலத்தூள் அல்லது வெற்றுத்தூள். ஒரு வருடம்.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். 440 பேரைச் சேர்க்கத் திட்டம். நேரில் வரவழைத்துப் பரிசோதித்தது 320 பேரை. சேர்ந்தவர்கள் 145 பேர். நீங்களே நினைத்துப் பாருங்கள்: 79 வயது, காலில் வலு இல்லை, அவரை ஆய்வு மையத்துக்கு வா என்றால் எப்படி வருவார்? வரக்கூடியவருக்குச் சார்கோபீனியா இல்லை. சார்கோபீனியா உள்ளவர் வர மாட்டார். அந்த வயதில் பலர் ஏற்கெனவே ஏதோ ஒரு ப்ரில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், அவர்களைச் சேர்க்க முடியாது. சாப்பிடாதவர்களிலும் பலருக்குச் சிறுநீரகம் இடம் கொடுக்காது. யாருக்காக மருந்து தேடுகிறோமோ அவர்களையே சோதனைக்குள் கொண்டுவர முடியாமல் போகிறது. முதியோர் மருத்துவத்தில் பாதி ஆய்வுகள் தடுக்கி விழுவது இந்த வாசற்படியில்தான்.

முடிவு 2022இல் வெளிவந்தது. உடல் இயக்கத்தை 12 மதிப்பெண்ணுக்கு அளந்தார்கள்: நிலைதடுமாறாமல் நிற்பதற்கு 4, நடைக்கு 4, சற்று முன் நீங்கள் செய்தீர்களே, ஐந்து முறை எழுந்து உட்காருவது, அதற்கு 4. ஜாக் குரால்னிக் என்பவர் 1994இல் கொடுத்த அளவுகோல். அதில் ஒரு மதிப்பெண் ஏறினால் நல்ல முன்னேற்றம். பெரிண்டோப்ரில் சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரைக்காரர்களுக்கும் இருந்த வித்தியாசம் 0.1. அதுவும் மருந்து சாப்பிட்டவர்கள் பக்கம்தான் குறைவு. உபாதைகள் மருந்துப் பக்கம் 218, வெற்று மாத்திரைப் பக்கம் 165. வாழ்க்கை எப்படிப் போகிறது என்று கேட்டதற்கும் மருந்துக்காரர்கள்தான் சலிப்பாகப் பதில் சொன்னார்கள். லியூசினும் கைகொடுக்கவில்லை.

145 பேர் போதுமா என்று அந்த மாணவி இப்போதும் கேட்பாள், கேட்கத்தான் வேண்டும். அதனால்தான் முன்பு நடந்த சோதனைகளையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தார்கள். கூட்டினாலும் பயன் தெரியவில்லை.

அப்படியானால் 2007இன் 31 மீட்டர் பொய்யா? நான் அப்படி நினைக்கவில்லை. ஆறு நிமிடம் நடக்கும்போது தசை மட்டும் நடப்பதில்லை. இதயமும் நுரையீரலும் ரத்தக் குழாயும் கூடவே நடக்கின்றன. அந்த 130 பேரில் சிலருக்கு வெளியே தெரியாத இதயக் கோளாறு இருந்து மாத்திரை அதைச் சரிசெய்திருக்கலாம். வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். 95 பேரில் தற்செயலுக்கு நிறைய இடம் உண்டு. இது என் ஊகம், நிரூபணம் அல்ல. எனக்குப் பிடித்தது வேறொன்று. ஆசையைக் கிளப்பிய குழுவில் இருந்த ஒருவரே, பதினைந்து வருடம் கழித்து, அந்த ஆசை பலிக்கவில்லை என்று தன் பெயரைப் போட்டு எழுதினார். பலிக்காத சோதனையை மேசை அறைக்குள் தள்ளிப் பூட்டிவிடும் வழக்கம் நம் துறையில் உண்டு. அப்படிப் பூட்டியிருந்தால் இன்று ஏதாவது ஒரு கம்பெனி, 'பிரஷர் மாத்திரை, தசைக்கும் நல்லது' என்று பத்திரிகையில் முழுப்பக்கம் விளம்பரம் போட்டிருக்கும்.

மாத்திரை இல்லையென்றால் பின் என்னதான் உண்டு என்று கேட்பீர்கள். பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லம். 1990இல் மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவர் அங்கே 90 வயதை ஒட்டிய பத்துப் பேரைப் பளு தூக்க வைத்தார். லேசான பளு அல்ல, அவர்களால் முடிந்ததில் பெரும்பகுதி. எட்டே வாரம். காலின் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. அதாவது இரண்டரை மடங்குக்கும் மேல். நான்கு வருடம் கழித்து அதே ஊரில் 100 பேரிடம் செய்தபோதும் பயிற்சி பலித்தது. சத்துபானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலிக்கவில்லை. அந்தக் கிழவர்களில் சிலர் ஊன்றுகோல் இல்லாமல் நடமாடவே முடியாதவர்கள்.

நம் தமிழ்நாட்டில் 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது, வீடு தேடிப் பிரஷர் மாத்திரை வருகிறது என்பதைத்தான் எல்லோரும் பேசினோம். அதே திட்டத்தில் வீடு தேடி இயன்முறை மருத்துவரும் வருகிறார் என்பதைப் பேசியவர்கள் குறைவு. என் கண்ணுக்கு அந்த மாத்திரைப் பொட்டலத்தைவிட அவர் படியேறி வருவதுதான் பெரிய செய்தி.

நேரம் ஆகிவிட்டது என்று தலைவர் கண் காட்டுகிறார். கேள்விகள் இருந்தால் இரண்டு.

"ஐயா, நான் பத்து வருசமா ராமிப்ரில் சாப்பிடுறேன். தசைக்கு ஆகாதுன்னா நிறுத்திடலாமா?"

அடடா, அப்படி நான் சொல்லவே இல்லையே ஐயா. தசைக்கு உதவவில்லை என்றுதான் சொன்னேன். உங்கள் மாத்திரை தசைக்காக எழுதினதே இல்லை. பக்கவாதமும் மாரடைப்பும் வராமலிருக்க எழுதினது, அந்த வேலையை அது செய்யும் என்பதற்கு ஆயிரக்கணக்கானவர்களிடம் நடந்த சோதனை இருக்கிறது. எழுந்து நிற்கும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வந்தாலோ இருமல் விடாமல் இருந்தாலோ உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்றித் தருவார். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

"என் மாமியாருக்கு 82 வயசு. ராத்திரியில கஞ்சி மட்டும்தான். பகல்ல ரசம் சாதம். அவங்களால எந்திரிச்சு நிக்கவே முடியல. அவங்களையுமா வெயிட் தூக்கச் சொல்றீங்க?"

கஞ்சியில் தொடங்குவோம் அம்மா. சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் வயதானவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும் என்கிறார்கள். உங்கள் மாமியார் 45 கிலோ என்றால் 45 கிராம். ரசத்தில் அது இல்லை. முட்டையோ மீனோ சாப்பிடுவார் என்றால் நல்லது. இல்லையென்றால் கஞ்சியில் பாசிப்பருப்பு, பகலில் தயிர், சுண்டல் மசித்தது. அடுத்து, அவர் உட்காரும் நாற்காலியில் தலையணை இரண்டு போட்டு உயரமாக்குங்கள், பின்புறம் சுவரோடு சேர்த்து வையுங்கள். உயரம் கூடினால் எழுவது சுலபம். நீங்கள் முன்னால் நின்று கையைப் பிடித்துக்கொண்டு, காலையில் மூன்று, சாயங்காலம் மூன்று. பத்து நாளில் பழகிவிட்டால் ஒரு தலையணையை எடுத்துவிடுங்கள். அவருக்கு அதுதான் வெயிட். தூக்குவது அவருடைய உடம்பையேதான்.